மெர்சி பம்பும் வட்டக் குறியும்

2011ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணியிலிருந்து, பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புப் பட்டறை வைத்திருக்கும் சாமுவேலின் மனைவி மெர்சியை யாராலும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியவில்லை. அன்று சின்ன வெங்காயம் கிலோ நாற்பது ரூபாய். கரண்ட் காலையில் இரண்டு மணி நேரம் இல்லை. பெயரைச் சொல்ல வாயைத் திறந்தால் உதடும் நாக்கும் அதனதன் இடத்துக்குச் சரியாகவே போகும், சத்தம் மட்டும் வராது. எழுத முடிந்தது, எழுதியதை மனதுக்குள் படிக்கவும் முடிந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் ஜாக்கெட் தைக்கும் மெர்சியையும், ஆஸ்பத்திரியில் ஊசி போடும் மெர்சியையும் கூப்பிடுவதில் யாருக்கும் ஒரு சிரமமும் இருக்கவில்லை. சாமுவேல் வீட்டு மெர்சியும், அவர் பெயரை மேலே வார்த்திருந்த பம்பும் மட்டும்தான் சொல்ல முடியாமல் போயின. இப்போது சொல்ல முடிகிறது என்பதால் நானும் வாய்விட்டுச் சொல்லியபடியே எழுதுகிறேன்.

சாமுவேலின் அப்பாவும் மெர்சியின் அம்மா கருப்பாத்தாளும் அடுத்தவர் தோட்டத்தில் களை எடுத்துப் பிழைத்தவர்கள். சாமுவேல் லேத் ஓட்டக் கற்றுக்கொண்டார், மெர்சி மோட்டாருக்குச் செம்புக்கம்பி சுற்றக் கற்றுக்கொண்டார். 1995இல் கல்யாணம், நான்கு வருடம் கழித்து ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சொந்தப் பட்டறை. எங்கள் பக்கத்தில் புருஷன் பெண்டாட்டியை நாலு பேர் நடுவில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அப்போதெல்லாம் குறைவு. ‘இந்தா’ என்பார்கள், ‘ஏம்புள்ள’ என்பார்கள். லேத் ஓடுகிற இரைச்சலில் அதெல்லாம் எடுபடவில்லை. அதனால் சாமுவேல் பெயரையே உரக்கக் கூப்பிட்டுப் பழகினார். முதலில் எங்கள் தெரு சிரித்தது, பிறகு அந்தக் குரலை வைத்து மணி பார்த்துக்கொண்டது. எட்டரைக்கு ‘மெர்சி’ என்று கேட்டால் டீத்தண்ணி, பதினொன்றுக்குக் கேட்டால் காயில் ரெடியா என்று அர்த்தம். அந்தப் பன்னிரண்டு வருடத்துக் காலை நேரங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஏக்கமாகத்தான் இருக்கிறது. அன்றைக்குப் பட்டறையில் மூன்றே மூன்று பேர், ஒரு லேத், நிறைய வேலை.

சொந்தமாகப் பம்பு செய்து விற்கலாம் என்று முடிவானபோது சாமுவேல் மனைவியின் பெயரையே வைத்தார். மெர்சிக்குக் கூச்சம். “எம்பேரு எதுக்குங்க, பைபிள்ல இருந்து ஒரு பேரு வைங்க” என்றார். சாமுவேல் காது கேட்காதவர்போல் இருந்துவிட்டுக் காந்திபுரம் போனார். அங்கே பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம் ஒரு மாடியில் மதிவதனி என்ற வக்கீல் டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டுக் கொடுத்தார். அவர் நிதானமாகவே விளக்கினார். ‘டிஎம்’ என்று பெயருக்குப் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், அது ‘இந்தப் பேரு என்னுது’ என்று நாமாகச் சொல்லிக்கொள்வது. வட்டத்துக்குள் ‘ஆர்’ என்பது ‘ஆமா, இது இவருதுதான்’ என்று அரசாங்கம் பதிவு செய்து சர்டிபிகேட் கொடுத்த பிறகு போடுவது. அதற்கு வருஷக்கணக்கில் ஆகலாம், அதுவரை தொடக்கூடாது. சாமுவேல் தலையாட்டினார். கீழே இறங்கி வந்ததும், அச்சுச் செய்யும் ரசாக்குக்குப் போன் போட்டு, பெயரோடு அந்தச் சின்னக் குறியையும் போட்டுவிடச் சொன்னார். எந்தக் குறி என்று சொல்லவில்லை.

ரசாக் கோட்டைமேட்டுக்காரர். பம்பு வார்ப்பதற்கு முதலில் மரத்தில் அச்சுச் செய்து, அதை மண்ணில் பதித்து, அந்தக் குழியில் இரும்பை உருக்கி ஊற்றுவார்கள். அந்த மர அச்சில் ரசாக் வைக்கும் எழுத்து தொட்டால் உறுத்தும், அவ்வளவு எடுப்பாக இருக்கும். பெரிய பெரிய கம்பெனிகளுக்கெல்லாம் செய்து கொடுத்தவர். அந்தப் பெயர்கள் எல்லாவற்றுக்கும் தோளுக்கு மேலே ஒரு வட்டமும் அதற்குள் ஓர் எழுத்தும் இருந்ததை முப்பது வருடமாகப் பார்த்து, அது மரியாதைக்குப் போடுவது என்று முடிவு கட்டியிருந்தார். நாம் யாரிடம் பேசினாலும் கடைசியில் ஒரு ‘ங்க’ போடுகிறோமே, அந்த மாதிரி. பெண்பிள்ளை பெயரை மொட்டையாக வார்க்க அவருக்கு மனம் வரவில்லை. வட்டத்தைப் போட்டார், வழக்கத்தைவிடச் சற்றுப் பெரிதாகவே போட்டார். அந்த அச்சில் வார்த்த முதல் பம்பு பட்டறையை விட்டு டெம்போவில் ஏறிய நேரம்தான் நான் முதலில் சொன்ன திங்கட்கிழமை ஒன்பதரை.

ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. கம்பி சுற்றுவதால் வைண்டிங்கக்கா என்றார்கள், பம்புக்காரம்மா என்றார்கள். சர்ச்சில் ஜெபக் குறிப்பு வாசிக்கும் பாஸ்டர் அந்த இடம் வந்ததும் ஒரு இருமல் இருமிவிட்டு அடுத்த பெயருக்குப் போனார். சாமுவேல் லேத் மேல் ஸ்பானரால் இரண்டு தட்டுத் தட்டினார், மெர்சி எழுந்து வந்தார். இதற்கெல்லாம் மெர்சி கவலைப்படவில்லை, தொண்டைக்கட்டு மாதிரி தானாகச் சரியாகும் என்றுதான் இருந்தார். கவலை அம்மாவைப் பார்க்கப் போனபோது வந்தது.

கருப்பாத்தாள் ஆனைமலையில் ஒரு லைன் வீட்டில் தனியாக இருந்தார். மகள் பிறந்தபோது மிஷன் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி தூங்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நர்ஸின் பெயரைப் பிள்ளைக்கு வைத்தவர். அமாவாசை தவறாமல் மாசாணியம்மன் கோயிலுக்குப் போகிறவர் இப்படி ஒரு பெயர் வைத்தாரே என்று கேட்டவர்களிடம், “அந்தப் புள்ள இல்லீனா நானும் இல்ல, இவளும் இல்ல” என்று சொல்லி முடித்துவிடுவார். மகளை அவர் ‘மெர்சிக்கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். அந்த வருடம் கால் வீங்கிப் படுக்கையில் விழுந்திருந்தார், இதயத்தில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். மெர்சி உள்ளே நுழைந்ததும் வாயைத் திறந்தார். ‘கண்ணு’ என்பது மட்டும் வந்தது. கண்ணு என்று அவர் எல்லோரையும்தான் கூப்பிடுவார், பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி வரைக்கும். மெர்சியால் அதைத் தாங்க முடியவில்லை. தான் வெளியே நின்றபோதும் ஜன்னல் வழியே அம்மா சுவரைப் பார்த்து உதட்டை அசைத்து அசைத்துப் பார்த்ததை அவர் பார்த்தார். அம்மா போவதற்குள் ஒரே ஒரு தடவை தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட வேண்டும் என்பது அன்றைக்கு அவர் மனதில் ஏறியது, பிறகு இறங்கவே இல்லை.

காரணம் தெரிய அக்டோபர் ஆகிவிட்டது. வடக்கே ஏதோ ஒரு கம்பெனி இந்தப் பெயர் தன்னுடையது என்று ஆட்சேபம் எழுப்ப, அதற்காக மதிவதனியைப் பார்க்கப் போன சாமுவேல் ஒரு பம்பின் போட்டோவைக் காட்டினார். மதிவதனி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

“ஏனுங்கண்ணா, பதிவாகாத பேருக்கு இந்த வட்டம் போட்டா அது குத்தமுங்க. ஜெயிலு கூட இருக்குதுங்க. பேரே சொல்ல முடியாமப் போகும்னு சட்டத்துல எங்கயும் இல்லீங்க, ஆனா எனக்கு இதுதான் காரணம்னு படுதுங்க. அரசாங்கம் பூட்டாத பேர நீங்களே பூட்டிப்போட்டீங்க.”

பதிவு வரும்வரை காத்திருக்கலாமா என்று சாமுவேல் கேட்டார். ஆட்சேபம் முடிய நாலைந்து வருடம் ஆகும் என்றார் மதிவதனி. கருப்பாத்தாளுக்கு நாலைந்து மாதமே அதிகம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரே வழி, வெளியே போன இருநூற்றுப் பதினான்கு பம்பிலும் வட்டத்தைத் தேய்த்து எடுப்பது. ஒன்று மிச்சம் இருந்தாலும் குற்றம் குற்றம்தான்.

விஷயம் தெரிந்த ரசாக் மறுநாளே பட்டறைக்கு வந்து வாசலில் நின்றார். “மருவாதியா இருக்கட்டும்னு போட்டேம்மா” என்று மெர்சியிடம் சொன்னார். அந்த மர அச்சைத் தூக்கி அடுப்பில் போட்டார்கள். அன்றிலிருந்து சாமுவேல் மொபெட் ஓட்ட, ரசாக் பின்னால் கிரைண்டிங் மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உட்கார, இருவரும் கொங்கு நாட்டைச் சுற்றினார்கள். அவிநாசி, சூலூர், பல்லடம், தாராபுரம், உடுமலை. ஒரு பம்புக்கு இரண்டு நிமிட வேலை, பெயிண்ட் தொட்டு வைக்க இன்னொரு நிமிடம். ஆனால் போன வீட்டில் மோர் குடிக்காமல் விடமாட்டார்கள், சில வீட்டில் சாப்பாடே போட்டார்கள். ரசாக்குக்கு ஐந்து கிலோ கூடிவிட்டது. மாசிக் கடைசியில் இருநூற்றுப் பதிமூன்று முடிந்திருந்தது. பெயர் அரைகுறையாகக்கூட வாயில் வரவில்லை.

கடைசிப் பம்பு அன்னூர் பக்கம் பாலுசாமி என்பவர் தோட்டத்துக் கிணற்றடியில் இருந்தது. வட்டத்தின் மேல் சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்திருந்தார். ஒன்பது வருடமாக வறண்டு கிடந்த கிணறு அந்தப் பம்பு வந்த வாரம் ஊறத் தொடங்கியிருந்தது. மெர்சியே நேரில் போய்க் கேட்டார்.

“இந்தக் குறி வந்தப்புறந்தான் எங்கெணத்துல தண்ணி நிக்குதுங்க அம்மணி. இதத் தேச்சுப்போட்டா எம்பட வாழைக்கு நான் எங்க போவேன்? வேற என்ன வேணும்னாலும் கேளுங்க, தாரேன்” என்றார் பாலுசாமி.

அவரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை போனார்கள், இரண்டு தடவையும் இளநீர் வெட்டிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். மூன்றாவது தடவை கிளம்பும் முன் ஆனைமலையிலிருந்து போன் வந்தது. கருப்பாத்தாள் காலை பத்து மணிக்கு இறந்துவிட்டார். பக்கத்து வீட்டு வெங்கடலட்சுமி கையைப் பிடித்துக்கொண்டிருந்தாராம். கடைசி வரைக்கும் உதடு அசைந்துகொண்டே இருந்தது, சத்தம் வரவில்லை என்றார். மெர்சி அழுதார். காரியம் எல்லாம் முடிந்ததும் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு திரும்பி வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து கம்பி சுற்ற ஆரம்பித்தார். அன்னூருக்கு இனிப் போக வேண்டாம் என்று சாமுவேலிடம் சொல்லிவிட்டார். யாருக்காகப் போவது?

பாலுசாமிக்கு ஒரு பழக்கம், கண்ணில் படும் எழுத்தையெல்லாம் வாய்விட்டுப் படிப்பார். பத்து நாள் கழித்து, கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு வாங்கப் பெரியநாயக்கன்பாளையம் வந்தவர் பஸ் ஸ்டாப்பில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படிக்கத் தொடங்கினார். ஆனைமலை கருப்பாத்தாள் என்று படித்தார், வயது எழுபத்திரண்டு என்று படித்தார், அன்பு மகள் என்று படித்தார். அதோடு நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றார். பஸ் வந்தது, போனது, அவர் ஏறவில்லை. தன் பம்பின் பெயரைத் தானும் இந்த ஒரு வருடமாக ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அடுத்த நாள் காலை பம்பைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்து இறங்கினார். “தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க அம்மணி” என்றார். மெர்சி அவருக்கு டீ கொடுத்தார்.

சந்தனத்தைத் துடைத்துவிட்டு ரசாக்தான் தேய்த்தார். இரண்டு நிமிடம். மெஷின் நின்ற அமைதியில், லேத் பக்கம் நின்றிருந்த சாமுவேல் யோசிக்காமல் “மெர்சி” என்றார். பதினான்கு மாதம் கழித்து வந்த குரல். தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்தினார். மெர்சி தலையை நிமிர்த்தினார், ஆனால் என்ன என்று கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் வேறொரு வாயிலிருந்து வர வேண்டியிருந்தது. கால் மணி நேரத்தில் சாமுவேலுக்கு வெங்கடலட்சுமியின் போன் வந்தது.

“ஏனுங்கண்ணா, பூட்டின ஊட்டுக்குள்ள இருந்து ஆத்தா கூப்பிடறாங்க. மெர்சியக் கூட்டிட்டு வாங்க.”

உக்கடம் போய்ப் பொள்ளாச்சி பஸ் பிடித்து, அங்கிருந்து ஆனைமலை போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. மெர்சி பூட்டைத் திறந்து உள்ளே போனார். அம்மாவின் கட்டில் கிடந்த இடம் காலியாக இருந்தது. அந்த இடத்திலிருந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, கால்வலியோடு, ஆனால் தெளிவாக, “மெர்சிக்கண்ணு” என்று கேட்டது. மெர்சி தரையில் உட்கார்ந்துவிட்டார். “இங்கதான் இருக்கேம்மா” என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டது, மறுபடி சொன்னார். அன்று சாயங்காலம் வரை அப்படியே நடந்தது. கருப்பாத்தாள் சாகும்வரை கூப்பிட்டுச் சத்தம் வராமல் போன அழைப்புகள் எல்லாம் அந்த அறையிலேயே தங்கியிருந்தன என்றும், ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன என்றும் வெங்கடலட்சுமி சொன்னார். அதில் சந்தேகப்பட யாருக்கும் எதுவும் இருக்கவில்லை.

பாலுசாமியின் கிணறு இரண்டடி இறங்கி நின்றது, வாழைக்கு அது போதுமானதாக இருந்தது. ஆட்சேபம் 2016இல் தள்ளுபடியானது. சர்டிபிகேட்டைக் கையில் கொடுத்த பிறகும் ரசாக் மதிவதனிக்கு மூன்று தடவை போன் போட்டு, “இப்பப் போடலாங்களா?” என்று கேட்டுக்கொண்டுதான் புது அச்சில் வட்டத்தை வைத்தார். பெயர் யார் வாயிலும் சிக்கவில்லை. பத்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், விண்ணப்பம் போட்ட 2010இலிருந்து அதற்குக் கணக்கு, 2020இல் புதுப்பித்துவிட்டார்கள். பட்டறையில் இப்போது பதினெட்டுப் பேர், லேத்தும் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, சத்தமே இல்லை. கூப்பிட வேண்டுமானால் போனில்தான் கூப்பிடுகிறார்கள்.

அழைப்புகள் இன்னும் தீரவில்லை. வர வரக் குறைந்து, இப்போது நாளைக்கு ஒன்று, காலை பத்து மணிக்குமேல் வருகிறது. அந்த வீட்டை மெர்சி விடவில்லை, மாதத்தில் முதல் ஞாயிறு விடிகாலை ஆராதனை முடிந்து போகிறார், கேட்டுப் பதில் சொல்லிவிட்டுத் திரும்புகிறார். மற்ற நாட்களில் சாவி வெங்கடலட்சுமியிடம் இருக்கிறது. பதில் இல்லாவிட்டால் ஆத்தா தவித்துப்போவார் என்று அவர் சமையலை அடுப்பில் சிம்மில் வைத்துவிட்டு வந்து கதவைத் திறந்து, “பஸ்ஸுல வந்துட்டு இருக்குதுங்காத்தா, இப்ப வந்துரும்” என்கிறார். அறை அமைதியாகிறது. அவர் கதவைச் சாத்திவிட்டுக் குழம்பைப் பார்க்கப் போகிறார்.