சாட்சியின் தம்பி

இல்லை, அவள் முகத்தைப் பார்க்கக் கூடாது, மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், மேசைக்கு என்ன குறைச்சல், பாராளுமன்றத்திலேயே நல்ல மேசை இதுதான்... லிசியாதே ஒலிவாங்கியைத் தள்ளி வைத்தான், பிறகு பழைய இடத்துக்கே இழுத்தான். எதிரே சாட்சிக்குரிய நாற்காலியில் அவன் அக்கா கலோலைனே உட்கார்ந்திருந்தாள். ஊர் வழக்கப்படி இடுப்பில் பெரிய பாய் கட்டியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குக்கூட இவ்வளவு பெரியதைக் கட்ட மாட்டாள், விசாரணைக் குழுவுக்கு மரியாதை காட்டக் கட்டி வந்திருக்கிறாள், அந்தக் குழுவில் தானும் ஒருவன். வீட்டில் அக்கா இருக்கும் அறையில் அவன் நாற்காலியில் உட்காருவதில்லை. தம்பி உறுப்பினரானாலும் அமைச்சரே ஆனாலும் அக்காவுக்குக் கீழேதான், தொங்காத் தீவில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கே அவள் அவனைப் பார்த்து 'மாண்புமிகு உறுப்பினரே' என்று வணக்கம் சொல்கிறாள். இந்தக் கூத்துக்கா ஓட்டுக் கேட்டு ஊர் ஊராக அலைந்தேன்?

கூத்தை ஆரம்பித்ததே நீதானே, நீயேதான்... அன்றைக்கு அவையில் எழுந்து நின்று என்ன முழக்கம்! அரசாங்கத்துக்குச் சொந்தமான விமான நிலையத்தில் வரியில்லாக் கடையின் குத்தகை டெண்டரே இல்லாமல் எப்படி இன்னும் பத்து வருஷத்துக்கு நீண்டது, இதற்குப் பொறுப்பான ஆள் யாராயிருந்தாலும் குழுவின் முன் வந்து உட்கார வேண்டும் என்று மேசையைத் தட்டினான், எல்லோரும் தட்டினார்கள், காது குளிர்ந்தது. அவன் மனதில் இருந்தது வெளிநாட்டிலிருந்து வந்த தலைமை அதிகாரி, அந்த ஆளை நாலு வாங்கு வாங்கலாம் என்று கனவு. பிறகுதான் ஒப்பந்தத்தைப் படித்தார்கள். குத்தகை முடிவதற்கு முன்பு நிலையம் 'போதும், காலி செய்யுங்கள்' என்று எழுதிக் கொடுக்க வேண்டும், கொடுக்கத் தவறினால் பழைய வாடகைக்கே தானாக நீளும். எழுதிக் கொடுக்க வேண்டியவர் வணிகப் பிரிவு மேலாளர். அவர் அப்போது விடுப்பில் இருந்திருக்கிறார். மேலாளர் யார் என்று பார்த்தால்... சொந்த அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று தம்பிக்குத் தெரியாதா என்று வெளியூர்க்காரன் சிரிப்பான். தெரியாது. ஏர்போர்ட்டில் பெரிய வேலை, அவ்வளவுதான் தெரியும். மீசை அரும்பும் முன்பே அவனைப் பையன்கள் தூங்கும் தனிக் குடிசைக்கு அனுப்பிவிட்டார்கள், அன்றோடு அக்காவிடம் நேருக்கு நேர் பேச்சு முடிந்தது, பிறகு எல்லாம் அம்மா வழியாக, அம்மா போன பிறகு மனைவி சேய்னி வழியாக. அக்காவிடம் கேள்வி கேட்கிற தம்பி இந்தத் தீவில் எங்கே இருக்கிறான்?

விலகிக்கொள்கிறேன் என்று சொல்லத்தான் செய்தான். குழுத் தலைவர் மொவாலா வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த நாட்டுல யாரு யாருக்குச் சொந்தமில்ல? ஒருத்தர் எழவு வீட்டுல, இன்னொருத்தர் ரக்பி பாக்கப் போயிட்டாரு, நீயும் கிளம்பிட்டா நானும் மெலெனைதேயும் இந்த ஃபேனை விசாரிக்க வேண்டியதுதான். உக்காரு. கேள்வி கேக்காத, சும்மா உக்காரு." சரிதான், உட்காருகிறேன், நான் இருந்தால் யாரும் அவள்மேல் பாய மாட்டார்கள், மொவாலா வாயைத் திறந்தால் மூடத் தெரியாத மனுஷன், தம்பி எதிரிலேயே இருக்கிறான் என்றால் கொஞ்சம் அடக்கி வாசிப்பார், அக்காவுக்கும் ஒரு தைரியம்... இப்படித்தான் நினைத்தான். தன்னைப் பற்றிக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

"அந்த மூணு வாரம் எங்கம்மா போயிருந்தீங்க?" மொவாலா கேட்டார். "ஆக்லாந்து, ஐயா." "எதுக்கு?" "சொந்த வேலை." "என்ன சொந்த வேலை?" அக்கா பாயின் ஓரத்தை நீவிவிட்டாள். "கடைக்காரங்க ஆபீசும் ஆக்லாந்துலதான் இருக்கு, தெரியுமில்ல? டிக்கெட்டே அவங்கதான் எடுத்துக் கொடுத்தாங்கன்னு சந்தையில கிழங்கு விக்கிறவன்கூடப் பேசிக்கிறான்." அக்கா கைகளைப் பாயின்மேல் வைத்துக்கொண்டாள், கை மெலிந்திருக்கிறதோ, வளையல் முழங்கைவரை ஓடுகிறது... "அவங்க எடுத்துக் கொடுக்கல." "அப்ப யாரு?" "நானே எடுத்தேன்." "எதுக்குப் போனீங்கன்னு சொன்னா முடிஞ்சு போச்சும்மா, ஒத்த வார்த்தை." சொல்லேன் அக்கா, ஏன் இப்படிக் கல்லாக உட்கார்ந்திருக்கிறாய், கல்யாணத்துக்குப் போனேன் என்று சொல், யாரோ செத்துவிட்டார்கள் என்று சொல், எதையாவது சொல்... வீட்டுக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டாளே, அது எப்போது, அந்தப் பயணத்துக்கு முன்பா பின்பா? சீ. இந்தப் புத்தி எனக்கு எங்கிருந்து வந்தது? மொவாலா கேட்கிறார் என்றால் அது அவர் வேலை, நானே மனதுக்குள் அவள் கூரைத் தகரத்தை எண்ணிக்கொண்டிருக்கிறேனே. ஆனால் முன்பா, பின்பா?

மெலெனைதே கண்ணாடியைக் கழற்றினாள். குழுவில் ஒரே பெண், தேவாலயப் பெண்கள் சங்கத்தில் அக்காவோடு சேர்ந்து பாடுகிறவள். "கலோலைனே," என்றாள், குரலே மாறியிருந்தது, "உடம்புக்கு ஏதாச்சுமா?" அக்கா நிமிர்ந்தாள். வாய் திறந்தது. அப்புறம் அவள் கண் அவன் பக்கம் வந்தது, முகத்துக்கு வரவில்லை, சட்டைப் பொத்தானோடு நின்றது, வாய் மூடிக்கொண்டது. மெலெனைதே அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, உனக்குத் தொண்டை கட்டின மாதிரி இருக்கே, வெளிய போய்க் கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வாயேன்." "வேணாம்மா, நல்லாத்தான் இருக்கேன்." "ஒரு அஞ்சு நிமிஷம் காத்தாட நின்னுட்டு வா." ஓகோ, என்னைக் கிளப்பிவிட்டு இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளைக் கிழிக்கப் பார்க்கிறார்களா, நானா போவேன், அசைய மாட்டேன்... நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். அக்காவுக்கு அது தெரியட்டும் என்று தொண்டையைச் செருமிக்கூடக் கொண்டான். மெலெனைதே மறுபடி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல, ஐயா," என்றாள் அக்கா. விளக்கம் ஏதும் தரப்படவில்லை என்று குறிப்பில் எழுதினார்கள், அவள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். வேலை போகும், அதற்குமேல் போலீஸ் வேறு. வாசலில் அவனைக் கடந்தபோது வழக்கம்போல அவன் ஒதுங்கி நின்றான், அவள் வழக்கம்போல குனிந்த தலையோடு போனாள்.

"கவா குடிக்கிற இடத்துல தெரியுது உங்களுக்கெல்லாம்," என்றாள் மெலெனைதே, நடைபாதையில், அவனைப் பார்க்காமல் பையை மூடிக்கொண்டே. "இங்க தெரியாதா?" என்ன தெரியாது? கவா என்கிற வேர்ச்சாற்றை ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து குடிக்கும்போது, ஊற்றிக் கொடுக்க உட்காரும் பெண்ணுக்கு அண்ணனோ தம்பியோ அங்கே இருந்தால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள், அவன் தானாக எழுந்து போவான், போன பிறகுதான் பேச்சு. வீட்டில் தொலைக்காட்சியில் ஒருத்தி உடை மாற்றினால்கூட அவனோ அக்காவோ யாராவது ஒருவர் அறையை விட்டுப் போய்விடுவார்கள். பெண்ணின் உடம்பு பற்றிய பேச்சு வந்தால், பிரசவம் என்றால், மார்பில் கட்டி என்றால்... அவன் நின்றுவிட்டான். உடம்புக்கு ஏதாச்சுமா என்ற அந்த இடத்தில் எந்தத் தம்பியும் எழுந்திருப்பான், சின்னப் பையன்கூட எழுந்திருப்பான். அவன் உறுப்பினராக உட்கார்ந்திருந்தான். தைரியம் கொடுக்கிறானாம், தைரியம்! அவள் வாயை அடைத்துக்கொண்டு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்திருந்தது மொவாலா அல்ல, நான். திரும்பி ஓடினான். "மறுபடி கூப்பிடுங்க ஐயா, நான் இல்லாம கேளுங்க." மொவாலா பரிதாபத்தோடு பார்த்தார். "அவங்களே கையெழுத்துப் போட்டுட்டாங்களேப்பா. இனிமே கூப்பிட்டா ஏன் கூப்பிட்டோம்னு உனக்குத் தெரிஞ்சிரும்னு வரவே மாட்டாங்க." அழுகை வந்தது, வெளிப்படையாக, கோட்டும் இடுப்புப் பாயுமாக நின்று அழுதான்.

மரத்தடிக்குப் போய்ச் சேய்னியைப் போனில் கூப்பிட்டான். "உனக்குத் தெரியுமா?" என்றான். அவள் எதைப் பற்றி என்று கேட்கவில்லை. "பெண்களுக்கெல்லாம் தெரியும்," என்றாள். "என்ன அது?" "அதை உங்ககிட்ட நான் எப்படிச் சொல்றது?" சரிதான், எப்படிச் சொல்வாள், சொன்னாலும் கேட்டுக்கொண்டு நிற்க என் காதுக்கு என்ன உரிமை... "சொல்ல வேணாம். நல்லாயிருவாளா, அதை மட்டும் சொல்லு." மறுமுனையில் குழாய்த் தண்ணீர் ஓடுவது நின்றது. "அடுத்த வாரம் மறுபடி ஆக்லாந்து போறாங்க," என்றாள் சேய்னி. "அவங்க பிள்ளைங்க ரெண்டும் நம்ம வீட்டுல இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. வர்ற வழியில ரெண்டு கட்டில் பார்த்துட்டு வாங்க." கட்டிலா? நாலு நாள் தங்க வரும் பிள்ளைகளுக்குப் பாய் போதுமே, கட்டில் எதற்கு என்று கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை. "எவ்வளவு நீளம்?" என்றான்.