வாங்கியவரே திருப்பித் தர வேண்டும்

கல்லூரியில் நான்கு வருடம் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது ஒன்றுதான். அப்படிப்பட்டவளை நம்பி, கொடைக்கானல் மலையில் ஒரு துணை மின்நிலையத்துக்கு உதவிப் பொறியாளராகப் போட்டார்கள். பயிற்சியெல்லாம் முடிந்து, பக்கத்தில் யாரும் இல்லாமல் நான் தனியாக ஷிப்ட் பார்த்த முதல் நாள் அது. மே மாதம், நல்ல சீசன். முந்தின நாள் அடித்த காற்றில் பூம்பாறைப் பக்கம் தைல மரக் கிளை ஒன்று லைன்மேல் சாய்ந்து, அந்தப் பகுதி முழுக்கக் கரண்ட் இல்லை.

காலையில் முதல் போன் வந்தது.

"மேடம், லைன்மேன் ஞானமுத்து பேசுறேன்ங்க. பூம்பாறை லைனுக்கு எல்.சி. வேணும்."

எல்.சி. என்றால் லைன் கிளியர். அந்த லைனை இங்கே துண்டித்து, தவறிக்கூட யாரும் போட்டுவிடாதபடி பூட்டி, 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' என்று பலகை மாட்டிய பிறகு நான் சொல்ல வேண்டிய வார்த்தை அது. எல்லாவற்றையும் செய்தேன். செய்ததை மறுபடி போய்ப் பார்த்தேன். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "லைன் கிளியர் குடுத்தாச்சு அண்ணே" என்றேன்.

"சரிங்க. போய் ஏறுறேன்."

அவ்வளவுதான். நிஜமாகவா என்று ஒரு கேள்வி இல்லை. அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. பதினோராயிரம் வோல்ட் ஓடும் கம்பியை, ஷைலா என்று ஒருத்தி போனில் சொன்னாள் என்பதற்காக, ஒரு மனுஷன் போய்க் கையால் பிடிக்கப் போகிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். சர்ச்சில்கூட நான் அப்படி உட்கார்ந்ததில்லை.

மத்தியானம் ஜூலியட் கூப்பிட்டாள். என் கல்லூரிக் கூட்டம் மொத்தமும் பூம்பாறைக்குப் பக்கத்தில் காட்டேஜ் எடுத்துத் தங்கியிருந்தது. நானும் அங்கே இருந்திருக்க வேண்டியவள்.

"ஏய், இங்க ஹீட்டர் ஓடல, எல்வின் ஸ்பீக்கர் செத்துப்போச்சு. கரண்ட் உன் கைலதான இருக்கு? போட்டு விடுடி!"

"மின்சாரத் தாயே, கண்ணைத் திற!" என்று பின்னாலிருந்து எல்வின் கத்தினான். எனக்கும் சிரிப்பு வந்தது.

"ஆள் கம்பத்துல இருக்காருடி."

"அப்ப வெரசா எறங்கச் சொல்லு" என்று வைத்துவிட்டாள். அவள்மேல் கோபம் வரவில்லை. நான்கு வருடம் மின்சாரத்தையே பாடமாகப் படித்தும், கரண்ட் சுவரிலிருந்து வருகிறது என்ற நினைப்பில்தான் நானும் இருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு அழைப்பு.

"மேடம், பூம்பாறை சோலி முடிஞ்சிருச்சு. லைனப் போட்டு விட்ருங்க."

"நீங்க யாருங்க?"

"கதிர்வேல். ஞானமுத்து அண்ணன்கூட வந்த ஆளு. அவருக்கு டவர் கெடைக்கல. கிளைய வெட்டி வண்டில ஏத்தியாச்சு."

குரலில் பொய் இல்லை, களைப்புத்தான் இருந்தது. எழுந்து பூட்டுக்கு அருகில் போய்விட்டேன். சாவி கையில் இருந்தது.

வகுப்பில் ஜூலியட்டுக்கு நான் 'எஸ் சார்' சொல்வேன், எனக்கு அவள் சொல்வாள். ஆள் மாறி ஆஜராவதில் எங்களை மிஞ்ச ஆள் கிடையாது. எல்.சி.யில் அந்த வேலை நடக்காது. வாங்கியவர் எவரோ அவரே தன் வாயால் திருப்பித் தர வேண்டும். கூட வேலை செய்கிறவர் சொன்னாலும், மேலதிகாரி சொன்னாலும் செல்லாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஏன் என்று மட்டும் அதுவரை யோசித்ததில்லை.

"அண்ணன் பேசணும்ங்க. அவர் பேசாம போட மாட்டேன்."

"அதான் நான் சொல்றேன்ல? ஊரே கரண்ட் இல்லாம கெடக்கு. திட்டு வாங்குறது நாங்க."

"அவரு உங்க கண்ணுக்குத் தெரியுறாரா?"

"நான் கீழ வளைவுல வண்டிகிட்ட நிக்கிறேன் மேடம். மேல ஒரே மூட்டம். எறங்கியிருப்பாரு."

'இறங்கியிருப்பார்' என்பதை நம்பி ஒரு ஆளைக் கொளுத்த முடியுமா? "மேல போய்ப் பாருங்க" என்று சொல்லி வைத்தேன்.

அதன்பிறகு போன் ஓயவில்லை. காட்டேஜ்காரர் ஒருவர், "புதுசா வந்த பொம்பளப் பிள்ளைக்கு சுவிட்ச் போடத் தெரியலயாக்கும்" என்று என் காதுபடவே பக்கத்தில் யாரிடமோ சொன்னார். ஆத்திரமாக வந்தது. பயமும்தான். ஞானமுத்து எங்காவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்கும். ஜன்னலுக்கு வெளியே கம்பிகள் எங்கள் வளாகத்திலிருந்து கிளம்பி, மூட்டத்துக்குள் நுழைந்து மறைந்தன. காட்டையும் பள்ளத்தையும் தாண்டி எங்கேயோ அந்தக் கம்பியில் ஒரு மனுஷன் இருக்கிறார், இந்தப் பக்கம் நான் இருக்கிறேன் என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்தது.

ஒருவழியாக அந்தக் குரல் வந்தது.

"மேடம், ஞானமுத்து. இப்பத்தான் எறங்கி, டவர் இருக்கிற எடத்துக்கு நடந்து வந்தேன். கிளைய எடுத்ததும் பாத்தா கம்பியத் தாங்குற பீங்கான் இன்சுலேட்டர் விரிசல் விட்ருந்துச்சு. அதையும் மாத்திட்டேன்."

"கதிர்வேல் போன் பண்ணப்ப நீங்க..."

"மேலதான்ங்க. கம்பியத் தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு நின்னேன்."

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். "நான் போட்டிருந்தா, அண்ணே?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "நான் சொல்லாம நீங்க எப்படிங்க போடுவீங்க?" என்றார்.

கேஸை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், என் அம்மா எழுந்து போய் ஒரு தடவை திருகிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். பெற்றவளே நம்பாத ஒருத்தியின் சொல்லை நம்பி இந்த மனுஷன் காலையிலிருந்து கம்பத்தில் நின்றிருக்கிறார். கண்ணில் தண்ணீர் முட்டியது. துடைக்கவில்லை.

"எல்.சி.யத் திருப்பிக் குடுக்கிறேன் மேடம். ஆளுக எல்லாரும் எறங்கியாச்சு. லைனப் போடலாம்."

எழுந்து போய்ப் பூட்டைத் திறந்தேன். "யார் யாரு எறங்குனதுன்னு பேரு சொல்லுங்கண்ணே."

அவர் சிரிக்கவில்லை. நிதானமாக ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடைசியில் தன் பெயரையும் சொன்னார். அதன்பிறகுதான் போட்டேன்.