மூட்டை பத்து மணிக்குக் கிளம்புகிறது

1

இந்தக் கதையின் முதல் மூன்று பக்கங்கள் போன செவ்வாய்க்கிழமை செத்துப்போயின. கம்ப்யூட்டரில் ஒற்றை விரலால் தட்டியவை. அதனால் இப்போது நோட்டில் பேனாவால் எழுதுகிறேன். காகிதம் தானாக அணைந்துபோகாது. நான் படித்தது ஆறாம் வகுப்பு. பிழை பொறுக்க முடியாதவர்கள் மூடி வைத்துவிட்டுப் போகலாம்.

2

செத்த பக்கங்கள் இப்படித் தொடங்கின:

"அந்த வீட்டுக்கு ஒரு மருமகள் வந்தாள். வாயில் சர்க்கரை, மனசில்—"

(இங்கேயே நிறுத்துகிறேன். மாமனாரைப் படுத்தி எடுக்கும் ராட்சசி அவள். என் நிஜ மருமகளோ தினமும் மறக்காமல் என் கண்ணில் சொட்டு மருந்து விடுகிறவள். இவளை வைத்துக்கொண்டு என்ன கதை எழுதுவது? ராட்சசியை நானாகச் செய்துகொண்டேன்.)

3

என் மருமகளின் வேலையைச் சொல்லாமல் கதை நகராது. பிறப்பு, இறப்புச் சான்றிதழ் கொடுக்கிற அலுவலகம். கிளைகளையும் சேர்த்து முன்னூற்று நாற்பது கம்ப்யூட்டர். மென்பொருளில் எதையாவது மாற்றினால் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்து போட முடியுமா? எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, இருந்த இடத்திலிருந்தே வயர் வழியாக அனுப்புகிறாள். மூட்டை போய்த் தன்னைத்தானே அவிழ்த்துக்கொண்டு உட்காரும்.

"யாரையும் கேக்காதா?"

"கேக்காது மாமா. வேலை பாக்குறவங்களுக்கே தெரியாது. அதான் அதோட அழகு."

"கேக்காம உள்ள வந்தா அதுக்குப் பேரு வேற."

"திருடன்னு சொல்லாதீங்க. இது எதையும் எடுக்காது, வச்சுட்டுத்தான் போகும்."

"அது இன்னும் மோசம்."

அவள் தனியாகக் கட்டும் முதல் மூட்டை. ஒழுங்காகப் போனால் வேலை நிரந்தரம், சொதப்பினால் வீட்டுக்கு. ஒத்திகைக்கு என் அறையில் கிடக்கும் பழைய கம்ப்யூட்டர். அலுவலகத்திலிருந்து அனுப்புவாள். இங்கே திரையில் ஏதாவது அசைந்தால் நான் பிளக்கைப் பிடுங்கிவிடுவேன்.* இரண்டு முறை பிடுங்கினேன்.

* தப்பில்லை. முன்பின் தெரியாதது கதவைத் தட்டாமல் வந்தால் நீங்களும் பிடுங்குவீர்கள்.

4

செவ்வாய் மதியம் நான் பிடுங்கவில்லை. சத்தியமாக. கதையில் ராட்சசி மாமனாரின் செருப்பை ஒளித்துவைத்துக்கொண்டிருந்தாள். திரை கறுத்தது. கம்ப்யூட்டர் தானே அணைந்து தானே எழுந்தது. மூன்று பக்கமும் காலி.

சாயங்காலம் வந்தவள் கேட்டாள்: "மூட்டை நல்லா உக்காந்திருக்கு மாமா. ஆனா நடுவுல ஒருதடவை அணைஞ்சிருக்கே. இன்னைக்கும் பிடுங்கினீங்களா?"

இல்லை என்றால், அந்த நேரத்தில் கம்ப்யூட்டரில் என்ன செய்தீர்கள் என்பாள். ராட்சசி வெளியே வந்துவிடுவாள்.

"ஆமா, பிடுங்கினேன். என்ன இப்போ?"

"உங்களை வச்சுக்கிட்டு…" என்று சிரித்தாள். 'ஒத்திகை சரி' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

5

இன்று காலை பத்து மணிக்கு மூட்டை கிளம்புகிறது. இப்போது ஒன்பது ஐம்பது. போய் உட்கார்ந்ததும் முன்னூற்று நாற்பது திரையும் கறுக்கும். பாதி தட்டிய குழந்தைகள் பாதி பிறந்தபடி நிற்கும்.

முடிவு ஒன்று: வாயை மூடிக்கொள்கிறேன். (எழுதிப் பார்த்தேன். அவள் மேசையைக் காலி செய்துவிட்டு வீட்டுப்படி ஏறும் இடத்தில் பேனா ஓடவில்லை.)

முடிவு இரண்டு: மூட்டை மேல் குற்றமில்லை, அன்று கரண்ட் போனது. (மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. என்னை நானே ஏமாற்ற—)

முடிவு மூன்று: போன் செய்கிறேன்.

6

செய்துவிட்டேன்.

"அனுப்பாத! அன்னைக்கு நான் பிடுங்கல. அதுவா அணைஞ்சுச்சு."

நாற்காலி தள்ளும் சத்தம். "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று யாரிடமோ கத்துகிறாள். பிறகு மூச்சு வாங்கிக்கொண்டே, "நிறுத்தியாச்சு மாமா. ஆனா சரி பண்ணி சாயங்காலத்துக்குள்ள அனுப்பியாகணும். அணைஞ்சப்போ அதுல என்ன ஓடிக்கிட்டு இருந்துச்சு? நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க? உள்ளதச் சொல்லுங்க, அப்பதான் தப்பைப் பிடிக்க முடியும்."

போனை மேசைமேல் வைத்துவிட்டேன். "மாமா? மாமா?" என்கிறது. பொய் சொன்னால் அவள் வேலை போகும். உண்மையைச் சொன்னால், என்ன எழுதினீர்கள் என்று கேட்பாள்.

வாசகரே, இவ்வளவு நேரம் சும்மா உட்கார்ந்து படித்தீர்கள் அல்லவா? போனை நீங்கள் எடுங்கள். பார்த்துப் பேசுங்கள். அவளை அழவைத்தால் நான் சும்மா இருக்கமாட்டேன்.