வெள்ளைத் தூணிலை சிவப்பு

சரஸ்வதி பூசைக்குத் தொழில் செய்யிற சாமானுக்குப் பொட்டு வைக்கிறது எங்கடை வழக்கம். என்ரை சாமான் சுண்ணாம்பு அடிக்கிற தும்புத் தூரிகையும் வாளியும்தான். ஒஸ்லோவிலை ஒரு பழைய மாளிகைத் தோட்டத்திலை வேலை செய்யிறனான். இருநூற்றைம்பது வருஷத்து மதில், இரும்புக் கேற்று, உச்சியிலை கல்லுருண்டை வைச்ச ரெண்டு தூண், மூலையிலை எட்டுப் பக்கத்தோடை ஒரு சின்ன மண்டபம். எல்லாம் சட்டம் காவல் காக்கிற சாமான். ஒரு ஆணி அடிக்கிறதெண்டாலும் பொறுப்பாளர் நோராவின்ரை கையெழுத்து வேணும்.

நானும் டானியலும் தற்காலிகம். வாற வருஷத்துக்கு ஒராளைத்தான் நிரந்தரமாக்குவினம், ஆரெண்டு திங்கட்கிழமை சொல்லுவினம். எனக்கு ஐம்பத்திநாலு வயசு. இது போச்செண்டால் திரும்ப ஆஸ்பத்திரியிலை நிலம் துடைக்கத்தான் போகவேணும். என்ரை முழங்கால் அதுக்குச் சரிவராது.

வெள்ளிக்கிழமை எல்லாரும் போனாப்பிறகு வாளிக்கும் தும்புக்கும் பொட்டு வைச்சன். அதோடை நிண்டிருக்கலாம். கை சும்மா இருந்தால்தானே! நாலு கிழமையாய் நான் சுண்ணாம்பு அடிச்ச தூண், அதுக்கும் வைப்பமெண்டு மஞ்சளைக் குழைச்சு மூண்டு விரலாலை இழுத்துவிட்டன். இந்த வேலை எனக்கு நிலைக்கவேணும் தாயே எண்டு கும்பிட்டுட்டு, பஸ்ஸைப் பிடிக்க ஓடினனான். திரும்பிப் பாக்கேல்லை.

மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் ஆராத்தித் தண்ணி எண்டு எங்கடை சின்னப்பிள்ளைக்கும் தெரியும். ஆயிரம் ஆராத்தி கரைச்ச எனக்கு அந்த நேரம் பிடிபடேல்லை. மூதேவி!

திங்கள் விடிய வந்து பாக்கிறன், மழை வேறை பெய்ஞ்சிருக்கு. தூணிலையிருந்து நிலம் வரைக்கும் சிவப்பு ஒழுகிக் கிடக்கு. நோரா இடுப்பிலை கை வைச்சுக்கொண்டு நிக்கிறா. டானியல் தலையைக் குனிஞ்சுகொண்டு நிக்கிறான்.

"ரத்தம்" எண்டா நோரா.

டானியல் சனிக்கிழமை எல்க் மான் வேட்டைக்குப் போனவன். வாற வழியிலை, மறந்துபோன சப்பாத்தை எடுக்க இஞ்சை இறங்கினவனாம். "இறைச்சிப் பையை இந்தத் தூணோடைதான் சாத்தி வைச்சனான். ஒழுகினதைக் கவனிக்கேல்லை. பிழை என்ரைதான்" எண்டான். சாகப்போறவன் மாதிரி முகம். வீட்டிலை ரெண்டு குழந்தையள் அவனுக்கு.

நான் வாயைத் திறக்கேல்லை. உண்மையைச் சொல்லுறன், உள்ளுக்குள்ளை சந்தோஷம்தான் வந்தது. தாய் கேட்டிட்டா எண்டு நினைச்சன்.

நோரா எங்களைத் தன்ரை கந்தோர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனா. நிரந்தர வேலைக்கான படிவத்தை எடுத்து என்ரை பேரை எழுதத் தொடங்கினா. டானியல் எனக்குக் கை நீட்டி, "வாழ்த்துக்கள், உதயா" எண்டான். பகிடியில்லை, மனசாரச் சொன்னான். அந்தக் கையைப் பிடிக்க எனக்கு ஏலாமல் போச்சு.

"அது ரத்தமில்லை. நான் பூசின மஞ்சள்" எண்டன்.

நோரா சிரிச்சா. "அவனைக் காப்பாத்தப் பாக்கிறாய். மஞ்சள் எப்பிடிச் சிவக்கும்?"

வந்த கோபத்துக்கு அளவில்லை. பொய்யைக் கேட்காமலே நம்பினவை, மெய்க்குச் சாட்சி கேக்கினம்! ஓடிப்போய்க் கைப்பையிலை கடதாசியிலை சுத்திக் கிடந்த மஞ்சள் சரையையும், வாளியிலை கொஞ்சம் சுண்ணாம்பையும் கொண்டுவந்தன். நோராவின்ரை மேசையிலை, அவவின்ரை கண்ணுக்கு முன்னாலை, ரெண்டையும் விரலாலை குழைச்சன். குங்குமமாய்ச் சிவந்தது.

நோரா என்ரை விரலைப் பாத்தா. பிறகு புதுப் படிவம் ஒண்டு எடுத்தா.

மத்தியானம் என்ரை மனுசன் குலேந்திரன் ரெலிபோன் எடுத்தார். "என்னப்பா, வேலை நிரந்தரமாய்க் கிடைச்சுதோ?"

"ஓம், டானியலுக்கு" எண்டு சொல்லி ரெலிபோனை வைச்சுப்போட்டு, சுண்ணாம்பு மூட்டைக்கு மேலை குந்தியிருந்து விம்மி விம்மி அழுதனான்.