பெரிய வெள்ளியில் ஒரு வேளை

காஸ்பரைக் கைது செய்தபோது தவக்காலம் பாதி கடந்திருந்தது. விருத்தாசலத்தில் ரயில்வே கேட்டுக்கு அப்பால் இருந்த ஒரு பீங்கான் கம்பெனியில் அவனுக்குச் சூளை வேலை. சங்கம் வைத்தார்கள் என்று சிலரை முதலாளி வேலையை விட்டு நிறுத்தினார். மற்றவர்கள் ஜாடி ஏற்றிய லாரியை மறித்து வாசலில் உட்கார்ந்தார்கள். காஸ்பரும் உட்கார்ந்தான். அத்தனை பேரையும் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போய்ச் சப் ஜெயிலில் ஒரே அறையில் அடைத்தார்கள். அது எழுபத்து மூன்றாம் வருஷம்.

அவன் அப்படியொன்றும் பக்திமான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவனை எழுப்பி, சட்டையை எடுத்துக் கொடுத்து, கையோடு கூட்டிக்கொண்டு போகிறவள் மனைவி உபகாரமேரி. சாயங்கால ஜெபத்தையும் அவள்தான் தொடங்குவாள். அவன் முடிவில் ஆமென் சொல்வான். ஜெயிலில் முதல் நாள் மாலை பழக்கத்தில் முழங்காலிட்டவனுக்கு, தொடங்கி வைக்க ஆள் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விசுவாசப் பிரமாணம் பாதியில் நின்றுவிட்டது. முதலிலிருந்து சொன்னான். அதே இடத்தில் மறுபடியும் நின்றது. கழுத்தில் கிடந்த ஜெபமாலையை வாசலிலேயே வாங்கிக்கொண்டார்கள். கயிறு எதுவும் உள்ளே போகக் கூடாதாம். விரல் கணுக்களில் எண்ணிச் சொன்னான். நாளாக ஆக, விட்டுப்போன வரிகள் உபகாரமேரியின் குரலில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

கூட இருந்தவர்கள் முதலில் சிரித்தார்கள். சங்கத் தலைவர் சாமிதுரைக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அவர் சிரிக்கவில்லை.

"அவன் பாட்டுக்குச் சொல்லிக்கட்டும். நாம கொஞ்சம் மெதுவா பேசுவோம்" என்றார்.

குருத்து ஞாயிறு முடிந்த வாரத்தில் உபகாரமேரி பார்க்க வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, வீட்டுச் சேதி எல்லாம் சொல்லிவிட்டு, "ஏங்க, வர வெள்ளிக்கெழம பெரிய வெள்ளி. ஒடம்பு முடியாதவங்க, ஜெயில்ல இருக்கறவங்களுக்கெல்லாம் ஒருசந்தி கட்டாயமில்லன்னு சாமியாரு சொல்லிட்டாரு. நீங்க மூணு வேளையும் சாப்புடுங்க" என்றாள்.

"எனக்கு என்னா நோவா? கோயிலுக்குப் போவ முடியாது, சிலுவையில வாய வச்சி முத்தி செய்ய முடியாது. இது ஒண்ணுதான் இங்க என்னால ஆவும்" என்றான் காஸ்பர்.

வெள்ளிக்கிழமை காலை கஞ்சி வந்தது. காஸ்பர் தட்டைத் தள்ளி வைத்தான். அதைப் பார்த்ததும் சாமிதுரை நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நாளாகவே அவர் மனசில் ஓடிக்கொண்டிருந்த யோசனை அது.

"காஸ்பரு ஆரம்பிச்சிட்டான். இன்னியிலேருந்து உண்ணாவிரதம். எவனும் தட்டத் தொடாதீங்க."

காஸ்பர் வாயைத் திறப்பதற்குள் எல்லாத் தட்டும் கம்பியோரம் போய்ச் சேர்ந்துவிட்டது. தலைமை வார்டர் சக்கரபாணி வந்து பார்த்தார்.

"உண்ணாவிரதம்னா நான் மேல எழுதியாவணும். எழுதினா உங்கள கடலூர் ஜெயிலுக்கு மாத்திடுவாங்க. திங்கக்கெழம ஜாமீன் மனு வருது, அது கெட்டுடும், யோசிச்சிக்குங்க" என்றவர் காஸ்பரைப் பார்த்தார். "மொதல்ல தட்டத் தள்ளுனது நீதானாமே. நீ சொல்லுப்பா. உண்ணாவிரதமா?"

அறை முழுக்க அவன் முகத்தைப் பார்த்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர்கள் பட்டினி கிடப்பதிலும் நியாயம் இருந்தது, அவனும் அவர்களில் ஒருவன்தான். ஆனால் ஆண்டவர் பாடுபட்ட நாளை லாரி மறித்த கேசோடு கொண்டுபோய்ச் சேர்க்க அவனுக்கு நாக்கு வரவில்லை.

"இல்லீங்க ஐயா. எங்களுக்கு இன்னிக்கு ஒருசந்தி. ஒரு வேளதான் சாப்பாடு. ஆண்டவரு உயிர்விட்ட மூணு மணிக்கு மேல சாப்புடுவேன்."

"உங்க சாமி சாவறதுக்கு இன்னிக்குத்தானா நாள் கெடச்சிது?" என்றார் சாமிதுரை. பிறகு வார்டர் பக்கம் திரும்பி, "நாங்க இருக்கறமுங்க உண்ணாவிரதம். எழுதிக்குங்க" என்றார்.

மத்தியானம் சோறும் சாம்பாரும் வந்து ஆறிக்கொண்டிருந்தன. மூன்று மணிவாக்கில் காஸ்பர் எழுந்து சுவரோரமாகச் சிலுவைப் பாதை செய்தான், ஆண்டவர் சிலுவை சுமந்துபோன பதினான்கு இடங்களுக்கும் ஒவ்வொரு ஜெபமாக. படமோ சிலுவையோ இல்லை. ஓரிடத்தில் நின்று, முழங்காலிட்டு, எழுந்து, இரண்டடி தள்ளிப் போய் மறுபடி முழங்காலிட்டான். ஆண்டவர் இரண்டாம் முறை விழுந்ததையும் மூன்றாம் முறை விழுந்ததையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு, திரும்பி வந்து செய்தான். பசியோடு படுத்திருந்தவர்கள் காலை மடக்கி வழிவிட்டார்கள்.

முடித்துவிட்டுத் தட்டின் முன் உட்கார்ந்தான். சாப்பிடாமல் விட்டால் உண்ணாவிரதத்தில் அவனையும் சேர்த்துக்கொள்வார்கள், காலையில் சொன்னது பொய்யாகிவிடும். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்ளலாமா என்று நினைத்தான். திரும்பவில்லை. அவர்களைப் பார்த்தபடியே சாப்பிட்டான். முடித்ததும் தட்டைக் கழுவிக் கம்பியோரம் வைத்தான்.

மறுநாள் வெயில் ஏறியதும் பச்சமுத்து என்ற வயசாளி மயங்கி விழுந்தார். சாமிதுரையே கஞ்சித் தம்ளரை எடுத்து அவர் வாயில் வைத்தார். அதோடு உண்ணாவிரதம் முடிந்தது. சக்கரபாணி மேலே எழுதினாரா இல்லையா என்று தெரியவில்லை. யாரையும் கடலூருக்கு மாற்றவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு விடிந்ததும் கோயில் மணி நீளமாக அடித்தது. காஸ்பர் எழுந்து நின்று, உதட்டுக்குள்ளேயே அல்லேலூயா பாடினான். படுத்திருந்த சாமிதுரை கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

"எழுந்துட்டாரா?"

"எழுந்துட்டாருண்ணே."

"அப்ப சத்தமாத்தான் பாடேன். ரெண்டு நாளா இங்க எழவு வூடு மாதிரி இருக்குது."

அவன் சத்தமாகப் பாடினான். குரல் ஒன்றும் நன்றாக இல்லை.

திங்கட்கிழமை ஜாமீன் கிடைத்தது. மழைக்காலத்துக்குள் கம்பெனி எல்லாரையும் திரும்ப எடுத்துக்கொண்டது, சாமிதுரையைத் தவிர. அவர் நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போனார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் காஸ்பர் அவரைப் பார்த்தான். இருவரும் டீ குடித்தார்கள். சுரங்க வேலையைப் பற்றியும், அவர் மகளுக்கு மங்கலம்பேட்டையில் பார்த்திருக்கும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேச்சு ஓடியது. அந்த வெள்ளிக்கிழமைப் பேச்சை இரண்டு பேருமே எடுக்கவில்லை. நெய்வேலி பஸ் வந்தது. "போயிட்டு வரேன்" என்று சாமிதுரை கூட்டத்தோடு முண்டியடித்து ஏறினார்.