மீசைக்குக் காசில்லை

கூடப் பிறந்த தம்பி ஒருவனின் விலை இருநூற்றெண்பது ரிங்கிட். இது பேரம் பேசாதவர்களுக்கு.

உலு திராமில் என் ஒப்பனைக் கடையில் இந்த விலையைச் சொன்னபோது தர்மினி பேரம் பேசவில்லை. நூறு ரிங்கிட்டை முன்பணமாக வைத்தாள். சிங்கப்பூரில் சம்பளம் வாங்குபவர்களிடம் எனக்குப் பிடித்த குணம் அது.

அவள் அக்கா பிரேமளாவுக்குக் கல்யாணம். சிலோன்காரர்கள் வீட்டு வழக்கப்படி, வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி மணவறைக்கு அழைத்து வருவது பெண்ணின் சகோதரன். அவன்தான் தோழன், அவனுக்கு மாப்பிள்ளை மோதிரம் போடுவார். பிரேமளாவுக்குச் சகோதரன் இல்லை. "தங்கச்சி இருக்கா, அவளே நிப்பா" என்று சொல்லிவிட்டாள். தாய்மாமா தியாகராஜா குதித்துப் பார்த்து, கடைசியில் ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்: சபையில் ஓர் ஆள் சிரித்தாலும் தர்மினி விலக வேண்டும், ஒன்றுவிட்ட தம்பி சிவகணேசன் நிற்பான். அவனுக்குப் பட்டு வேட்டியும் கட்டித் தயாராக வைத்திருந்தார்.

கல்யாணத்தன்று காலை, மண்டபத்து அறையில் வேலையைத் தொடங்கினேன். இருபது வருடமாக மணப்பெண்களையே பார்த்த கை, சொல் கேட்குமா? நிறத்தை இரண்டு படி ஏற்றி, கண்ணுக்கு மையும் இழுத்துவிட்டது.

"யோகேஸ்வரிக்கா, நான் தோழன். நீங்க இன்னொரு பொண்ண ரெடி பண்றீங்க."

அழித்தேன். அடுத்து தாடையில் கறுப்பாகத் தேய்த்து, மீசைக்கு ஒரு கோடும் போட்டேன்.

"அலமாக்! நாடகத்துல திருடன் வர்றான்" என்றாள் கண்ணாடியைப் பார்த்து.

மறுபடி அழித்தேன். "உனக்கு என்னதான்மா வேணும்?"

"நானாவே இருக்கணும்க்கா. கொஞ்சம் அந்தப் பக்கம் சாஞ்ச நானு."

அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அவள் நிறத்திலேயே மெல்லிய பூச்சு. புருவத்தை மேல்நோக்கி வாரி, முடி முடியாக நிரப்பினேன். கன்னத்தெலும்பின் கீழும் தாடையோரமும் பால் குறைந்த தேத்தண்ணீர் நிறத்தில் ஒரு நிழல். உதட்டில் பளபளப்பு இல்லை. மோவாயில் சைக்கிளிலிருந்து விழுந்த பழைய தழும்பை மறைக்காமல் விட்டேன். வேட்டியும் ஜிப்பாவுமாக அவள் எழுந்து நின்றபோது ஆணா பெண்ணா என்று கேட்கத் தோன்றவில்லை. நல்ல பிள்ளை என்றுதான் தோன்றியது.

வாசலில் மாப்பிள்ளை ஜெயபாலன் வந்து நின்றார். தர்மினி குனிந்து தண்ணீர் ஊற்றினாள். மாப்பிள்ளையின் பெரியம்மா அன்னபாக்கியம் மட்டும், "பொடியன் யாரு? பொண்ணோட மூக்கு அப்படியே இருக்கே" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

சிரித்தது மாப்பிள்ளைதான். மனிதருக்குக் காலில் கூச்சம். அடக்கிப் பார்த்தார், மூக்கு வழியாக வந்துவிட்டது.

தியாகராஜா துள்ளி எழுந்தார். "சிரிப்பு சிரிப்புதான்! சிவகணேசா, வாடா!"

தர்மினியின் கை சொம்போடு நின்றது. பிறகு மாப்பிள்ளையின் கணுக்காலை இறுகப் பிடித்தாள்.

"அத்தான், பல்லக் கடிச்சுக்குங்க லா. இன்னும் ஒரு கால் இருக்கு."

சபையே வெடித்தது. ஒருவர் சிரித்தால் விலக்கலாம். ஊரே சிரித்தால் அது கல்யாணக் களை. சிவகணேசன் வேட்டியை இடுப்பில் பிடித்துக்கொண்டு கூட்டத்தைத் தாண்டி வருவதற்குள், "என் தோழன் இங்கதான், மாமா" என்று ஜெயபாலன் மோதிரத்தை எடுத்தார். அளவு கொடுத்தவர் தியாகராஜா, சிவகணேசனின் விரலுக்கு. தர்மினியின் மோதிர விரலில் அது வழுக்கியது. மாப்பிள்ளை யோசிக்காமல் கட்டைவிரலில் போட்டார். கச்சிதம்.

கல்யாணச் செலவெல்லாம் தியாகராஜா கையில். விருந்துக்குப் பிறகு என்னிடம் வந்தார்.

"கொஞ்சம் குறைச்சுக்கம்மா. மீசைகூட வைக்கலயே."

"மீசைக்குக் காசு போடலைங்கையா."

மொத்தம் இருநூற்றெண்பது. தர்மினி கொடுத்த முன்பணம் நூறு. மாமா எண்ணிக் கொடுத்தது நூற்றைம்பது. பாக்கி முப்பது ரிங்கிட், தியாகராஜா பேரில்.