நஸாருக்கு என்ன குறை?

1

இந்தக் கதை எனக்கு ரொட்டிக் கடை வரிசையில் கிடைத்தது. முன்னால் நின்ற ஸொலோமியா, கடைக்காரியிடம் தன் கணவன் நஸாரைத் திட்டித் தீர்த்துக்கொண்டிருந்தாள். நான் காதைத் தீட்டிக்கொண்டேன். (எழுதுகிறவனுக்கு வெட்கம் ஏது?)

முதல் வரி: 'போர் நஸாரின் இடது காலை எடுத்துக்கொண்ட அந்த...' வேண்டாம். எடுத்தது கண்ணிவெடி. முழங்காலுக்குக் கீழே எதுவும் இல்லை, செயற்கைக் கால்தான்.

2

எங்கள் உக்ரைனில் உடல் ஊனமுற்ற படைவீரர், உதவித்தொகை தொடர வேண்டுமானால் மருத்துவக் குழுவின் முன் மறுபடி போய் நிற்க வேண்டும்.

"கால் முளைச்சிருச்சான்னு பாக்கணுமாம், போய்க் காட்டிட்டு வா" என்றாள் ஸொலோமியா. "சவரம் பண்ணாத. கொஞ்சம் நொண்டு. வலிக்குதுன்னு சொல்லு. நீ தூக்கத்துல முனகுறது எனக்குத்தானே தெரியும்."

"பிச்சை கேக்கவா போறேன்?"

"உன் காலுக்கு உண்டான காசுய்யா அது, மடையா!"

அவன் மழுங்கச் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனான்.

3

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற ராணுவ மருத்துவர். தலை நிமிராமலே, "குறை ஏதாச்சும் உண்டா?" என்றார்.

மருத்துவர் கேட்டால் குறை என்பது நோவு. அணிவகுப்பில் அதிகாரி கேட்டால் குறை என்பது புகார், அதற்குப் பதில் ஒன்றுதான்.* அந்தக் கரகரத்த குரல் காதில் விழுந்ததும் நஸார் எழுந்து விறைத்து நின்றான்.

"ஒண்ணும் இல்லை, ஐயா!"

அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஊனத்தின் தரம் இறங்கியது, உதவித்தொகை பாதியானது.

*சோற்றில் புழு நெளிந்தாலும் அதே பதில்தான்.

4

இந்த இடத்தில்தான் எனக்கும் அவனுக்கும் தகராறு. 'வலிக்குது டாக்டர்' என்று எழுதிப் பார்த்தேன். அவன் வாயில் அது ஒட்டவே மாட்டேன் என்கிறது. வீம்புக்காரனா, முட்டாளா? சே, பாவம். 'ஒண்ணும் இல்லை' என்று சொல்லிச் சொல்லித்தானே கால் போன அன்று உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

5

மேல்முறையீட்டு மனு போயிருக்கிறது. பதில் வரும்வரை வயிறு கேட்குமா? ஸொலோமியா தக்காளி பறிக்கப் போலந்துக்குக் கிளம்பினாள். பேருந்து நிலையம் வரை நஸார்தான் பெட்டியைத் தூக்கி வந்தான், நொண்டாமல்.

"அடுத்த தடவையாச்சும் வாயத் தொறப்பியா?"

"பாக்கலாம்."

"அவங்க கெடக்கட்டும். எங்கிட்ட சொல்லு. வலிக்குதா?"

ஓட்டுநர் ஹாரன் அடித்தார்.

ஒரு முடிவில் அவன் 'ஆமா' என்கிறான். அவள் பெட்டியோடு வீடு திரும்புகிறாள், அடுப்பு எரியவில்லை. இன்னொன்றில் 'இல்லை' என்கிறான். அவள் அழுதுகொண்டே ஏறுகிறாள். இரண்டையும் அடித்துவிட்டேன். எனக்கு மனசு கேட்கவில்லை.

நீங்களே அவனிடம் கேளுங்கள். ஒன்று மட்டும்: முதலில் அவனை உட்காரச் சொல்லுங்கள்.